மாத்திரை நாளும் மறுநாளும்



வரவேற்றுப் பேசிய நண்பர் என்னை இரண்டு முறை டாக்டர் என்றார். நான் மருந்தாளுநர். தமிழ்நாட்டில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்தில், ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்தே தலை நரைத்தவன். அதனால் இங்கே யாருக்கும் மருந்து எழுதிக் கொடுக்க மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் என்னிடம் சொன்னதையும், மருத்துவ ஆராய்ச்சி கண்டுபிடித்து வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

மருந்து ஜன்னலுக்கு ஒரு விசேஷம் உண்டு. டாக்டர் அறையில் வாய் திறக்காதவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். மல்டிபிள் மைலோமா நோயாளி ஒருவரின் மனைவி சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "சார், இந்த ஸ்டீராய்டு மாத்திரை போடுற அன்னிக்கு ராத்திரி பூரா இவர் தூங்கறதே இல்ல. ரெண்டு மணிக்கு எழுந்து பரண்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கி அடுக்கறார். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா சுருண்டு படுத்துட்டு அழறார். இது மாத்திரையாலதானா?" "ஆமாம்மா, மாத்திரைதான். டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "உயிரைக் காப்பாத்திட்டு இருக்கார். அவர்கிட்டப் போய் தூக்கம் வரலைன்னு குறை சொல்றதா?" என்றார் அந்த அம்மா.

நம்மிடம் இருக்கும் இந்த மரியாதை, இந்த நோயைப் பொறுத்தவரை ஆபத்தானது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் ஆபத்து என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில் நோய் என்ன என்று சுருக்கமாக. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. அதில் ஒரு செல் கட்டுக்கடங்காமல் பெருகி, உதவாத ஒரே வகைப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அது மைலோமா. எலும்பு அரிக்கும், ரத்தம் குறையும், சிறுநீரகம் அடைபடும், ரத்தத்தில் கால்சியம் ஏறும். வெளியே தெரிவது பெரும்பாலும் முதுகுவலியும் அசதியும்தான். அதனால் பல மாதம் தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டு, கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள். மேல்நாடுகளில் எழுபதை ஒட்டிய வயதில் வருவது, நம் நாட்டில் ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. நடிகையும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த கிரண் கேருக்கு இந்த நோய் என்று 2021 ஏப்ரலில் செய்தி வந்தது. 2024 நவம்பரில், சத் பண்டிகை தொடங்கிய நாளில் காலமான பீகார் பாடகி சாரதா சின்ஹாவுக்கும் இதே நோய்தான்.

இதை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று சொல்ல இன்னும் முடியவில்லை. அடக்கி வைக்கலாம், பல வருடம் வைக்கலாம். ஆனால் அந்தப் பல வருடமும் ஏதாவது ஒரு மருந்து உடன் இருக்கும். மற்றப் புற்றுநோய்களில் ஆறு மாதம் கீமோ, அப்புறம் வீடு என்று சொல்லும்போது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு. இங்கே எத்தனை வருடம் பல்லைக் கடிப்பது?

மருந்தின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கலாம். 1844-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் சாரா நியூபெரி என்ற பெண்மணிக்குக் கை கால் எலும்புகள் தாமாகவே முறிந்தன. அவருக்குக் கொடுத்தது ஆரஞ்சுத் தோல் கஷாயம், வலிக்கு அபின் சேர்ந்த மருந்து. அடுத்த வருடம் அதே ஊரில் ஒரு வியாபாரிக்கு இரும்புச் சத்தும் கொய்னாவும் கொடுத்தார்கள். அவருடைய சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தபோதுதான் விசித்திரமான ஒரு புரதம் தெரிந்தது. பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று இன்றும் உங்கள் லேப் ரிப்போர்ட்டில் அச்சாகிறதே, அதுதான்.

நூறு வருடம் கழித்து யூரித்தேன் என்ற மருந்து வந்தது. நோயாளிக்குக் குமட்டும், சாப்பாடு இறங்காது. ஆனாலும் இது ஒன்றுதான் மருந்து என்று இருபது வருடம் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு குழு துணிந்து சோதித்தது. 83 நோயாளிகள். சிலருக்கு யூரித்தேன், சிலருக்கு செர்ரியும் கோலாவும் மணக்கும் வெறும் சர்க்கரைப் பாகு. 1966-இல் முடிவு வந்தது: பாகு குடித்தவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள்! இருபது வருடமாக அந்த மருந்து படுத்திய பாட்டை எத்தனை பேர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேர் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

அறுபதுகளில் மெல்பலான் வந்தது, ஸ்டீராய்டு சேர்ந்தது. பிறகு வெகுகாலம் புதிதாக ஒன்றுமில்லை. 1990களின் கடைசியில் வந்தது பழைய வில்லன் ஒன்று. தாலிடோமைடு. 1957-இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்கப்பட்டு, கர்ப்பிணிகள் சாப்பிட்டு, உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான மருந்து. 1961-இல் ஜெர்மனியில் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அது ஏன் குழந்தையின் கை கால்களைத் தின்றது என்று தேடியவர்கள், புதிய ரத்தக் குழாய் வளர்வதை அது தடுப்பதைக் கண்டார்கள். மைலோமா வந்த ஒரு மருத்துவரின் மனைவி இதைக் கேள்விப்பட்டு, பாஸ்டனில் இருந்த விஞ்ஞானி ஜூடா ஃபோக்மனைத் தொலைபேசியில் பிடித்தார். அதிலிருந்து ஆர்கன்சாஸ் மாநிலத்தில் சோதனை தொடங்கியது. அந்தக் கணவர் பிழைக்கவில்லை. ஆனால் வேறு மருந்து எதற்கும் மசியாத 84 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் இறங்கியது. 1999-இல் அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையின் முதல் பெயர் சீமா சிங்கால், இந்திய வம்சாவளி மருத்துவர். தாலிடோமைடின் பிள்ளைதான் லெனலிடோமைடு. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்தக் கேப்ஸ்யூல்.

இனி இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, இப்போது அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருப்பவர் டாக்டர் வின்சென்ட் ராஜ்குமார். மைலோமாவை யார் தேடினாலும் இவர் பெயரில் போய் முட்டுவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை அப்போதெல்லாம் மாதத்தில் 12 நாள், நாளுக்கு 40 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். கூட்டிப் பார்த்தால் 480 மில்லிகிராம். இவர் குழு 445 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் லெனலிடோமைடு. ஒரு பக்கத்துக்கு வழக்கமான 480. மறு பக்கத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் 40, ஆக மாதம் 160. மூன்றில் ஒரு பங்கு.

நோய்ப் புரதம் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் அதிக ஸ்டீராய்டுதான் ஜெயித்தது. 79 சதவீதத்தினருக்குக் குறைந்தது. குறைந்த டோஸில் 68. ஆனால் ஒரு வருடம் கழித்து யார் உயிரோடு இருந்தார்கள்? அதிக டோஸில் 87 சதவீதம், குறைந்த டோஸில் 96. முதல் நான்கு மாதத்தில் மட்டும் அதிக டோஸ் பக்கம் 12 பேர் இறந்தார்கள். மறு பக்கம் ஒரே ஒருவர். காலில் ரத்தக் கட்டி 26 சதவீதத்துக்கு எதிராக 12. சோதனையைப் பாதியில் நிறுத்தி, எல்லோரையும் குறைந்த டோஸுக்கு மாற்றினார்கள். 2010-இல் இது அச்சில் வந்த பிறகு, வாரம் ஒரு நாள் என்பது உலகம் முழுவதும் வழக்கமானது. உங்கள் வீட்டில் 'செவ்வாய்க்கிழமை மாத்திரை நாள்' என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறீர்களே, அந்த வட்டத்துக்குப் பின்னால் இந்த 445 பேர் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் நோய் நன்றாகக் குறைகிறது, ஆளோ தேய்ந்துகொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். முதலாவதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இரண்டாவதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

டோஸைக் குறைப்பது தோல்வி என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். "25 மில்லி இருந்ததை 15 ஆக்கிட்டாங்க, கைவிட்டுட்டாங்களா சார்?" என்று ஜன்னலில் கேட்டவர்கள் பலர். கைவிடவில்லை. லெனலிடோமைடு சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு 25 கொடுத்தால் அது உடம்பில் தேங்கி, 25-க்கு மேலேயே வேலை செய்யும், வெள்ளணு சரியும். எழுபத்தைந்தைத் தாண்டிய தாத்தாவுக்கு ஸ்டீராய்டு 40-க்குப் பதில் 20 என்பதும் இப்படித்தான். டோஸ் என்பது ஆளுக்கு அளந்து தைப்பது.

ஸ்டீராய்டு பற்றி இன்னும் கொஞ்சம். நடிகை லிசா ரேயைச் சிலருக்கு நினைவிருக்கும். 1994-இல் சரத்குமாரோடு 'நேதாஜி' என்ற தமிழ்ப் படத்தில் நடித்தவர். 2009-இல், 37 வயதில், அவருக்கு மைலோமா என்று தெரிந்தது. அந்த செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவுக்கு, ஸ்டீராய்டால் வீங்கிய முகத்தோடு வந்து நின்று, எனக்கு இந்த நோய் என்று சொன்னார். முகத்தை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இருந்தவர்! நம் வீடுகளிலோ, "சாப்பாடு நல்லா இறங்குது, கன்னம் வச்சிருக்கு, உடம்பு தேறிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிட்டுப் போவார்கள். நோயாளியும் பேசாமல் சிரித்துவைப்பார். அது தேறிய உடம்பு இல்லை, ஸ்டீராய்டு உப்பல். அதே நேரத்தில் தொடைச் சதை கரைந்து, தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாத்திரையைக் காலையில், டிபனுக்குப் பிறகு போட வேண்டும். ராத்திரி போட்டால் அன்றைய தூக்கம் போச்சு. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மாத்திரை நாளன்று காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் ஒழுங்காக இருக்கும், சாயங்காலம் பார்த்தால் எங்கோ ஏறி நிற்கும். ஆகவே சாயங்காலம் ஒரு முறை குத்திப் பாருங்கள். மாத்திரை நாளில் கோபமும் பரபரப்பும், இரண்டு நாள் கழித்துச் சோர்வும் அழுகையும் வந்தால் அது குணக்கேடு இல்லை. மருமகளிடம் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் கூசிப் போகும் மாமியாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், மருமகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நரம்பு. மைலோமாவுக்குப் போடும் போர்டிசோமிப் ஊசி, பழைய தாலிடோமைடு, இரண்டும் கால் விரல் நுனியிலிருந்து மரத்துப்போக வைக்கும். ஜன்னலில் ஒரு பெரியவர், மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார். "இன்னொண்ணு எங்கேங்க?" என்றேன். குனிந்து பார்த்தார். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலில் வெயில் காய்ந்த தளத்தில் நடந்து வந்திருக்கிறார், சுட்டதும் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் போட மனைவி வேண்டியிருந்தது. சில்லறையைத் துழாவி எடுக்க முடியவில்லை. இதையெல்லாம் வயசு என்று கணக்கில் எழுதிவிட்டார்.

ஊசி நரம்பைத் தாக்குவதை ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தைக் குறைத்தோ, இடைவெளி விட்டோ பெரும்பாலும் மீட்கலாம். முற்றவிட்டால் தங்கிவிடும். ஊசி போடும் முறையே இதில் பெரிய வித்தியாசம் செய்கிறது. முன்பு ரத்தக் குழாயில்தான் ஏற்றினார்கள். 2011-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், அதே மருந்தை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார்கள். நோய் அதே அளவு அடங்கியது. நரம்புப் பாதிப்பு 53 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கியது. அதிலும் கடுமையான பாதிப்பு 16-லிருந்து 6. வாரம் இரண்டு ஊசியை ஒன்றாக்கினால் இன்னும் குறைகிறது. புது மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை பாருங்கள், அதே குப்பிதான், போடும் இடமும் நாளும் மாறின. இந்த ஊசி போடுகிறவர்களுக்கு அக்கி வரலாம். அதைத் தடுக்கத்தான் அசைக்ளோவிர் எழுதுகிறார்கள். "எனக்கு அக்கியே இல்லையே, இது எதுக்கு?" என்று அதை மட்டும் நிறுத்திவிடும் புத்திசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் உடம்புக்கு நல்லதென்று கிரீன் டீ குடிப்பார்கள். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் இந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ஊசி நடக்கும் காலத்தில் சாதா டீ போதும்.

லெனலிடோமைடு கேப்ஸ்யூலுக்கு வருகிறேன். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவது வழக்கம். ரத்தம் கட்டும் என்பதால் கூடவே ஆஸ்பிரினோ வேறு மருந்தோ தருவார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டபின் பேதி ஆரம்பிக்கலாம். வெளியே கிளம்பவே பயந்து, கல்யாணம் கருமாதிக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. பித்தநீர் குடலில் சரியாக உறிஞ்சப்படாததுதான் பல பேருக்குக் காரணம். எண்ணெய், கொழுப்பைக் குறைத்தால் பாதி சரியாகும். மீதிக்குத் தனி மருந்தே இருக்கிறது. ஆனால் பேதியைப் பற்றி டாக்டரிடம் பேச நம்மவர்களுக்கு வெட்கம், அதிலும் பெண்களுக்கு, அதிலும் டாக்டர் சின்னப் பையனாக இருந்துவிட்டால்!

கூட்டுக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது தாலிடோமைடின் பிள்ளை என்று சொன்னேன். கேப்ஸ்யூலை உடைக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணோ, கருத்தரிக்கக் கூடியவரோ அதைக் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு மருமகளுக்கு என்றிருந்தால், இந்த ஒரு மருந்துக்கு அந்த வழக்கத்தை மாற்றுங்கள். மிச்சமானதைக் குப்பையில் போடாமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

இத்தனையும் சென்னையில் பேசினாலும் இதே பேச்சுத்தான். ஆனால் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்று சில உண்டு. அதைப் பேசத்தான் கடல் தாண்டி வந்தேன். இந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. நான் பழக்க தோஷத்தில் போர்ட் பிளேர் என்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல். விமானத்தில் இரண்டே கால் மணி, கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கேம்ப்பெல் பேயிலோ கச்சாலிலோ இருப்பவர் முதலில் போர்ட் பிளேர் வந்து சேரவே கப்பலுக்கும் வானிலைக்கும் காத்திருக்க வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் வெட்டிய நம் குடும்பங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கிருப்பவர்கள் மெயின்லேண்ட் போய் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்ப்பார்கள். பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அடுத்த 'நல்லா இருக்கேன்' மூன்று மாதம் கழித்து. சென்னையில் அண்ணா நகர்க்காரர் மறந்ததை மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய்ச் சொல்லிவிடலாம்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் எழுத வேண்டாம். தேதி, அன்று போட்ட மருந்து, தூக்கம் எத்தனை மணி, எத்தனை முறை பேதி, எது மரத்திருக்கிறது, சாயங்கால சுகர். நோயாளி எழுதாவிட்டால் வீட்டிலிருப்பவர் எழுதட்டும். என் அனுபவத்தில் வீட்டிலிருப்பவர் எழுதியதுதான் உண்மையாக இருக்கும்! ரத்த அணு எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் இங்கேயே பார்க்கலாம். 2020 ஆகஸ்ட் 10 முதல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்துவிட்டது. ரிப்போர்ட்டையும் நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் அங்கிருக்கும் டாக்டர் டோஸை மாற்றிச் சொல்லலாம். எந்த எண்ணுக்கு அனுப்புவது, யார் பதில் சொல்வார்கள் என்று மெயின்லேண்டிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகல் ஒன்றை இங்கே ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ உங்கள் தீவின் ஆஸ்பத்திரியிலோ கொடுத்து வையுங்கள். நடு ராத்திரி அவசரத்துக்கு உங்களைப் பார்க்கப் போகும் டாக்டர் அங்கே இருப்பவர்தான்.

அந்த நடு ராத்திரி பெரும்பாலும் காய்ச்சலாகத்தான் வரும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால், இந்த மருந்துகளில் இருப்பவருக்கு அது அவசரம். பாரசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்போம் என்பது கூடாது. ஸ்டீராய்டு போடும் நாட்களில் காய்ச்சல் தெரியாமலே உள்ளே கிருமி பரவும் என்பதால், குளிர் நடுக்கம், தடுமாற்றம் வந்தாலும் அதே கணக்கு. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. டிக்லிபூர்ப் பக்கம் மழைக்குப் பின் வந்து, நுரையீரலில் ரத்தம் கசிய வைத்த காய்ச்சலை ஒரு காலத்தில் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். அது எலிக்காய்ச்சல்தான் என்று 1990களில் தெரிந்தது. போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையம் இதில் பேர்பெற்றது. சிறுநீரகத்தையும் அது தாக்கும். மைலோமா ஏற்கெனவே கை வைத்த சிறுநீரகம். ஆகவே மருந்து நடக்கும் வரை வயல் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இறங்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். பாதம் மரத்தவருக்குக் காலில் கீறல் பட்டதே தெரியாது, அதனால் அவர்கள் அவசியம் விட வேண்டும்.

சிறுநீரகம் என்றதும் தண்ணீர். டாக்டர் தடுக்காவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். தனிக்காரி அணை வற்றும் கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது வீட்டில் எல்லோரும் சிக்கனமாகக் குடிப்பார்கள். நோயாளியின் குடம் தனி. அதில் சிக்கனம் வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு நாளிலேயே சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடக்கூடும். மருந்துக் கடைக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். எங்கள் தொழில்காரர்கள் கேட்டதைக் கொடுத்துவிடும் நல்ல மனசுக்காரர்கள்.

அப்புறம் நோனி. இந்த ஊர்க் கடைத்தெருவில் நோனிச் சாற்றுப் பாட்டில் இல்லாத கடை குறைவு. நிக்கோபார் மக்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்தும் பழம், நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீருக்கும் இதே எச்சரிக்கை; இங்கே இளநீரை வேண்டாமென்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன். கிரியேட்டினின் சரியாக உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது, இளநீரைத் தாராளமாகக் குடிக்கலாம். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

எலும்புக்காக மாதம் ஒரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் பற்றி ஒரு வரி: அது நடக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகி நிற்கலாம். தொடங்கும் முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பணம். இதைப் பேசாமல் போனால் பாதிப் பேச்சு பொய். அமெரிக்காவில் ஒரு லெனலிடோமைடு கேப்ஸ்யூல் பல நூறு டாலருக்கு விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் இதன் மாற்று மருந்தைச் செய்து, அமெரிக்காவிலேயே காப்புரிமை வழக்காடி, 2015 டிசம்பரில் சமரசம் கண்டு, 2022 மார்ச்சில்தான் அங்கே விற்பனை தொடங்க முடிந்தது. நம் நாட்டில் பல கம்பெனிகளின் மாற்று மருந்து வெகுகாலமாகக் கிடைக்கிறது, விலையும் அந்த அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்கு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனாலும் மருந்தை விட டிக்கெட்டும் லாட்ஜும்தான் தீவுக் குடும்பத்தை முறிக்கின்றன. பணமில்லாமல் ஒரு மாதம் மருந்தை விட்டுவிட்டு, டாக்டரிடம் சாப்பிட்டதாகச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் விலை கூடிய மருந்துக்கு மாற்றுவார். சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். விலை குறைந்த வழி இருக்கிறதா என்று யோசிக்க அவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

சீட்டில் வந்த கேள்விகள் சிலவற்றுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

'மீன் சாப்பிடலாமா?' தாராளமாக. நன்றாக வெந்த மீன். வேகாத சிப்பி, நண்டு வேண்டாம்.

'நோய் அடங்கிவிட்டது என்கிறார்கள், இன்னும் ஏன் கேப்ஸ்யூல்?' ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகோ, நோய் அடங்கிய பிறகோ, அது தலைதூக்காமல் இருக்கக் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராம், தொடர்ந்து கொடுப்பார்கள். தாங்கவில்லை என்றால் 5 ஆக்கலாம், இடைவெளி விடலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனால் அதை நீங்களாகச் செய்துவிட்டு அப்புறம் சொல்லாதீர்கள்.

கடைசிச் சீட்டு, ரங்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை எழுதியது போலிருக்கிறது. 'அப்பாவுக்கு முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது. ட்ரங்க் ரோட்டில் பஸ்ஸில் கூட்டி வரலாமா, கப்பலிலா?' அம்மா, மைலோமா அரித்த முதுகெலும்பு ஒரு குலுக்கலில் நொறுங்கக்கூடும். டாக்டர் இடுப்பு பெல்ட் எழுதிக் கொடுத்திருந்தால் கட்டிவிட்டுத்தான் வண்டியேற்ற வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாதமானால் கப்பல் நல்லது; கீழ்ப் பெர்த் கேளுங்கள், மணிக்கு ஒரு முறை எழுப்பி நடக்க வையுங்கள், கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் கட்டக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதமானால் ஹெலிகாப்டருக்கு மருத்துவச் சீட்டு போட்டுக் கேட்டுப் பாருங்கள். வழியில் கால் திடீரென்று பலமில்லாமல் போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, முதலில் வரும் ஆஸ்பத்திரியில் இறங்கிவிடுங்கள். போர்ட் பிளேர் வரை வர வேண்டாம்.